எட்டுக்கால் எஞ்சினியர்

துப்பாக்கி முதுகில் உட்கார்ந்து சவாரி செய்கிறதே ஒரு குழாய், ஸ்கோப், அதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு நாட்டுக்காரர் பேரைச் சொல்வார்கள். என் ஓட்டு சிலந்திக்கு.

1630களின் கடைசி. இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் வில்லியம் காஸ்கோய்ன் என்று ஒரு வசதியான வீட்டுப் பிள்ளை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே முழுநேர வேலை. (நம் வீடுகளில் இதற்கு வேறு பேர்.) ஒரு நாள் தொலைநோக்கியைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார். வீடு தேடிக்கொண்டிருந்த சிலந்தி ஒன்று, அட்வான்ஸ் கேட்காத இடமாக இருக்கிறதே என்று உள்ளே குடிபுகுந்து நூல் கட்டியது. திரும்பி வந்து கண்ணை வைத்தால் வானத்துக்குக் குறுக்கே ஒரு கோடு!

நீங்களும் நானுமாக இருந்தால் ஒட்டடைக்குச்சி தேடியிருப்போம். காஸ்கோய்ன் யோசித்தார். கண்ணருகே இருக்கிற நூலும் கோடானுகோடி மைலுக்கு அப்பால் இருக்கிற நட்சத்திரமும் ஒரே நேரத்தில் பளிச்சென்று தெரிவது எப்படி? விஷயம் இதுதான். கலிலியோ பாணிக் குழாயில் பிம்பம் உள்ளே எங்கும் விழுவதில்லை. அங்கே சிலந்தி பட்டுப்புடவையே நெய்தாலும் பயனில்லை. காஸ்கோய்ன் வைத்திருந்தது கெப்லர் பாணி. இரண்டு பக்கமும் குவிலென்ஸ், குழாய்க்குள்ளேயே ஓர் இடத்தில் பிம்பம் வந்து நிற்கும். சிலந்தி கட்டியது சரியாக அந்த இடத்தில். வாஸ்து பார்த்த மாதிரி. ஸ்கோப்பில் குறிபார்க்கிற குறுக்குக்கோட்டுக்கு அதுதான் ஆரம்பம்.

ஆண்டவன் சித்தம் என்று கணித மேதை ஆட்ரெட்டுக்குக் கடிதம் எழுதினார் காஸ்கோய்ன். ஆண்டவனுக்குப் பாராட்டு, சிலந்திக்கு ராயல்டி கிடையாது. பாவம், அவரும் நெடுநாள் இல்லை. உள்நாட்டுப் போரில் ராஜா கட்சியில் சேர்ந்து 1644இல் மார்ஸ்டன் மூர் களத்தில் செத்துப்போனார். ஐந்து வருடத்தில் ராஜாவுக்கே தலை போய்விட்டது.

அப்புறம் 1776. பிலடெல்பியாவில் சார்ல்ஸ் வில்சன் பீல் என்ற ஓவியர். பெற்ற பிள்ளைகளுக்கு ரெம்ப்ராண்ட், ரூபன்ஸ், டிஷன் என்று பேர் வைத்தவர். அடக்கத்துக்கும் அவருக்கும் தூரத்து உறவுகூட இல்லை. வானியல்காரரும் கடிகாரக்காரருமான டேவிட் ரிட்டன்ஹவுஸுடன் சேர்ந்து துப்பாக்கிமேல் தொலைநோக்கியைக் கட்டிப் பார்த்தார். குறி பிரமாதமாகத் தெரிந்திருக்கும். சிக்கல் சுட்ட பிறகு. கண்ணைக் குழாயோடு ஒட்டி வைத்தால்தான் காட்சி. துப்பாக்கி பின்னால் உதைத்தால் குழாய் நேரே கண்ணுக்குள். போதுமான அளவுக்குக் குழாயை முன்னால் தள்ளிவைக்க அவர்களால் முடியவில்லை. எதிரிக்கு முன்னால் நம் கண் போகும் ஆயுதத்தை எந்தச் சேனை வாங்கும்?  பிற்பாடு ரிட்டன்ஹவுஸும் வானம் பார்க்கும் தொலைநோக்கியில் கட்டியது சிலந்தி நூலைத்தான்.

இதற்கு நடுவே ஏர் கன் தனி ரூட்டில் போய்க்கொண்டிருந்தது. 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவத்துக்காக ஜிராண்டோனி செய்த காற்றுத் துப்பாக்கியில் சுமார் 20 குண்டு நிரப்பலாம். புகை இல்லை. ஆனால் காற்றுக்குடுவையை நிரப்ப ஏறக்குறைய 1,500 தடவை பம்பு அடிக்க வேண்டும். அடித்து முடித்தவனுக்கு யாரையும் சுடும் ஆத்திரம் மிச்சம் இருக்குமா?

1803 ஆகஸ்டில் மெரிவெதர் லூயிஸ் அமெரிக்காவை அளக்கக் கிளம்பியபோது ஒரு காற்றுத் துப்பாக்கியும் கூடப் போனது. பிட்ஸ்பர்க் தாண்டி ஒரு தீவில் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குச் சுட்டுக் காட்டினார். பிறகு ஒரு விருந்தாளி கையில் கொடுத்தார். அவருக்கு அது எப்படி என்றே தெரியாது. விசை தட்டியது, 40 கெஜத்தில் நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து நெற்றிப்பொட்டை உரசிக்கொண்டு குண்டு போயிற்று. அம்மாள் விழுந்தாள். போய்விட்டாள் என்றே நினைத்தார்கள், நல்லவேளை, எழுந்துவிட்டாள். ஸ்கோப் இல்லை, குறி இல்லை, நோக்கமும் இல்லை. குறி பார்த்துச் சுட்ட எத்தனை பேருக்கு 40 கெஜத்தில் தொப்பி கிடைத்திருக்கும்!

மற்றதை ஓட்டிவிடுகிறேன். 1840களில் நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவில் மார்கன் ஜேம்ஸ் செய்த ஸ்கோப்புகள் கிட்டத்தட்டத் துப்பாக்கிக் குழல் நீளத்துக்கே இருந்தன. 1930இல் பில் வீவர் மலிவாக ஒன்றை விற்று ஸ்கோப்பைச் சாதாரண வேட்டைக்காரர் கைக்குக் கொண்டுவந்தார். ஆரிகன் மழையில் மார்கஸ் லூபோல்ட் ஒரு மானைக் குறிவைத்தபோது ஸ்கோப்புக்குள் நீராவி படர்ந்துகொண்டது. மான் நடையைக் கட்டியது. இதைவிட நல்லதாக நானே செய்கிறேன் என்று சபதம் போட்டு, 1947இல் உள்ளே நைட்ரஜன் அடைத்த ஸ்கோப்பை இறக்கினார். நம் சிலந்தி? இரண்டாம் உலகப்போரிலும் டியூட்டியில்தான். கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி கருப்பு விதவைச் சிலந்திகளை வளர்த்து, நூல் கறந்து, கருவிகளின் குறுக்குக்கோட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

மெரினாவில் பலூன் சுட்டிருப்பீர்கள். அந்த ஸ்பிரிங் ஏர் கன்னைப் பார்த்தால் சாது. அதில் விலை உயர்ந்த வேட்டை ஸ்கோப்பை மாட்டினால் சில நாளில் உள்ளே கலகலவென்று கிலுகிலுப்பைச் சத்தம் கேட்கலாம். பெரிய துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்கோப்பும் அந்தப் பக்கத்து உதைக்குத்தான் தயாராக இருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னால் போகும். பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னால் குதிக்கும். மாமியார் ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம். யானை சுடும் துப்பாக்கியில் தாக்குப்பிடித்த கண்ணாடி பலூன் துப்பாக்கியில் பிராணனை விட்ட கதை இதுதான். அதனால்தான் இரண்டு பக்க அடியையும் வாங்கும்படி ஏர் கன்னுக்கென்றே தனி ஸ்கோப்புகள் வந்தன. பத்து கெஜத்திலேயே தெளிவாகத் தெரியும் வசதியும் சேர்ந்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 2013இல் டெக்சாஸில் டிராக்கிங்பாயிண்ட் கம்பெனி ஒரு துப்பாக்கி விற்றது. விலை இருபதாயிரம் டாலருக்கு மேல். இலக்கில் ஒரு புள்ளி வைத்துவிட்டு விசையை அழுத்திப் பிடித்தால் போதும். குறி சரியாக வந்து சேரும்போது அதுவே வெடித்துக்கொள்ளும். உள்ளே லினக்ஸ், வெளியே வைஃபை. துப்பாக்கிக்கு வைஃபை எதற்கு என்று ஒரு பாட்டி கேட்டிருந்தால் கம்பெனி தப்பித்திருக்கும். 2015இல் ஒரு தம்பதி அந்த வைஃபை வழியே புகுந்து கணக்கை மாற்றிவிட்டார்கள். சுடுகிறவர் ஓர் அட்டையைப் பார்த்துச் சுட, குண்டு பக்கத்து அட்டையில் போய்த் தைத்தது. பீலுடைய குழாய் கண்ணைத்தான் குத்தியது, முதுகில் குத்தவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு இங்கிலாந்துப் பக்கம் ஏர் ரைஃபிள் ஃபீல்டு டார்கெட் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். 55 கெஜத்துக்குள் தகரத்தில் வெட்டிய அணில், காக்கை. லேசர் தூரமானி கூடாது. ஆகவே 50 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சக்கரம் மாட்டி, திருகித் திருகி, காக்கை எந்த எண்ணில் தெளிகிறதோ அதுவே தூரம் என்று குறித்துக்கொள்கிறார்கள். எல்லாம் சரி, காற்று? பெல்லட்டோ உளுந்துப் பருப்பு அளவு, ஊதினாலே வழிமாறும். அதற்கும் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியின் நுனிப் பக்கம் ஒரு துண்டு நூல் கட்டியிருக்கிறது. அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சுடுகிறார்கள்.