வீட்டுப் பழங்கணினியின் குலமும் காலமும்: ஓர் ஆய்வு

நம் வீடுகளில் 'அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்' என வழங்கப்படும் தொல்பொருள் எவ்வகையினது, எந்த ஆண்டினது என முறையாக ஆராய்ந்தார் இலர். தீபாவளிக்குக் கூடும் உறவினர் ஆளுக்கோர் ஆண்டு சொல்கின்றனர். தொல்காப்பியத்தின் காலத்துக்கே பல நூற்றாண்டு இடைவெளியைத் தாங்கிக்கொள்ளும் அறிஞர் உலகம் நம்முடையது. ஆறேழு ஆண்டு வேறுபாட்டை ஒருமித்த கருத்து என்றே கொள்ளலாம்.

முதற்கண் குலம். "என்ன பிராண்டு?" என்ற வினாவே பிழை. அது அசெம்பிள்டு. சென்னை ரிச்சி தெருவில் கேபினெட் ஒரு கடையிலும் மதர்போர்டு மறு கடையிலும் வாங்கி, 'தெரிந்த பையன்' ஒருவன் மாட்டிக் கொடுத்தது. அதாவது, ஆசிரியர் பெயர் கிட்டாத படைப்பு. குறுந்தொகையில் பெயர் தெரியாத புலவரை அவர் பாட்டின் தொடராலேயே செம்புலப் பெயனீரார் என்றனர் முன்னோர். அந்நெறி பற்றி, திரையில் நாள்தோறும் தோன்றிய தொடரால் இதற்குக் கீபோர்டெர்ரனார் எனப் பெயரிடுகிறேன். கீபோர்டைக் காணோம், தொடர எஃப்1 அழுத்துக என்று பாடிய பெருந்தகை.

நிறம்: அப்பா வெள்ளை என்பார், அம்மா கிரீம், தம்பி மஞ்சள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயில் பட்டுப் பழுக்கும். மூவர் கூற்றும் மெய்.

ஃபிளாப்பி: 3.5 அங்குலம், 1.44 எம்பி. இதில் எவருக்கும் மாறுபாடில்லை. எனவே ஆய்வுக்கு உதவாது.

இனிக் கல்வெட்டு. கேபினெட்டின் நெற்றியில் '66' என்று பச்சை எண் ஒளிர்ந்ததாக அண்ணன் சான்றளிக்கிறார். ஆனால் உள்ளே ஓடும் வேகத்தை அந்த எண் அளந்ததே இல்லை. பின்னாலிருக்கும் ஜம்பர்களை மாட்டியவன் எதைக் காட்டச் சொன்னானோ அதைக் காட்டும். டர்போ பட்டனை அழுத்தினால் வரும் மற்றோர் எண்ணும் அவன் வைத்ததே. ஆகவே இதை மெய்க்கீர்த்தி வகையில் சேர்க்க.

திரையில் பச்சைக் குன்றும் நீல வானமும் இருந்தன, வாங்கியது 1998 என்பது மாமா கொள்கை (மாமா, சாய்வு நாற்காலி உரை). குன்று குடியிருந்த விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்ததோ 2001. எனினும் அப்படத்தைச் சார்லஸ் ஓ'ரியர் கலிஃபோர்னியாவில் எடுத்தது 1996. எனவே மாமா குன்றை நேரில் கண்டிருக்கலாம் என ஒரு சாராரும், யாரோ ஃபார்மட் அடித்தபோது புகுந்த இடைச்செருகல் என மறு சாராரும் பொருதுகின்றனர். இரு சாராரும் மாமாவைக் கேட்கவில்லை. மூலத்தைப் பாராமல் எழுதுவதே துறை மரபு.

எஞ்சிய ஒரே உறுதியான சான்று, உறை. மானிட்டருக்கும் சிபியுவுக்கும் கீபோர்டுக்கும் தனித்தனியே, ஓரத்தில் ஃபிரில் வைத்துத் தைத்தது. மிக்ஸி உறையும் இதே பூப்போட்ட துணி என்பது முதற் கண்டுபிடிப்பு (அத்தை, வாய்மொழி, சமையலறை, இரண்டாம் தோசை). அத்துணி கூடத்துத் திரைச்சீலையில் மிஞ்சியது (மேற்படி, மூன்றாம் தோசை, திருத்திய பதிப்பு). திரைச்சீலை சித்தி கல்யாணத்துக்கு வாங்கியது (சித்தப்பா, மொட்டைமாடிப் பேருரை, மின்வெட்டுப் பதிப்பு, சித்தியால் மாடிப்படியில் மறுக்கப்பட்டது, மறுப்புக்கு மறுப்பு, காப்பிக்குப் பின், கையெழுத்துப்படி கிடைக்கவில்லை). கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னே ஒரு நாள்காட்டி தொங்குகிறது. ஆண்டின் முதல் மூன்று இலக்கம் தெளிவு: 199. நான்காவதை மாலை மறைக்கிறது. கல்யாணம் முந்தியதெனின் துணி முந்தியது. துணி முந்தியதெனின் உறை பிந்தியது. உறை பிந்தியதெனின் கம்ப்யூட்டர் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருந்தாக வேண்டும். இத்தகைய துல்லியம் இத்துறையில் அரிது.

இதை வாசித்துக் காட்டியபோது, "அது நம்ம வீட்டு கம்ப்யூட்டரே இல்லடா, எதிர்வீட்டுது. அவங்க ஊருக்குப் போனப்ப இங்க வெச்சுட்டுப் போனாங்க. உறை மட்டும்தான் நம்முது" என்றார் அத்தை. முடிவுக்கு இடையூறாக இருப்பதால், அறிஞர் வழக்கப்படி இக்கூற்று அடிக்குறிப்பில், இருப்பதிலேயே சிறிய எழுத்தில் இடப்படும்.