வெருகற் பிரதேசத்துச் சுவர்களும் ‘ஆரு இதக் கட்டின?’ என்னும் வினாவும்: ஒரு முன்னாய்வு

வீடு திருத்த வந்த மேசன் முற்றத்தில் கால் வைத்ததும் சுவரைப் பார்ப்பார், வீட்டுக்காரரைப் பார்ப்பார், மறுபடியும் சுவரைப் பார்ப்பார். பிறகு கேட்பார்: ‘ஆரு இதக் கட்டின?’ வெருகல் ஆற்றுக்கு இப்பால் ஈச்சிலம்பற்றிலும் அப்பால் வாகரையிலும் இவ்வினா எழாமல் ஒரு சீமெந்துப் பையாவது அவிழ்க்கப்பட்டதற்குச் சான்றில்லை. இவ்வளவு பரவிய பாடத்துக்குப் பதிப்பு இல்லை, உரை இல்லை, உரைக்கு மறுப்பு இல்லை. மறுப்புக்கூட இல்லாத ஒரு துறை தமிழில் கிடப்பது நமக்கு இழுக்கு. அவ்விழுக்கைத் துடைக்கவே இம்முயற்சி.

வினாவுக்கு விடை கூறும் பழைய ஆவணம் ஒன்று ஊரிலேயே உண்டு. வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிற் கல்வெட்டு மதில் திருப்பணியைச் சொல்கிறது; கயிலாய வன்னியனார் பெயரைத் தருகிறது. வன்னியனார் எவர், எக்காலத்தவர் என்று ஆராய்வது கற்றோர் வழக்கம். தகும். சாந்து குழைத்தவர் எவர் என்று கேட்பது அவர்கள் வழக்கம் அன்று. மதிலைக் கட்டியவர் என்று ஆய்வாளர் எழுதினால் காசு கொடுத்தவர். மேசன் கேட்டால் கரண்டி பிடித்தவர். உப்புப் பூத்து உதிரும் சுவரின் முன் நிற்கிறவருக்கு இரண்டாமவரின் முகவரிதான் வேண்டும்.

இனி வகைகள்.

மௌன வினா. பெருமூச்சு மட்டும். உரை வேண்டா.

தட்டு வினா. கரண்டிப் பிடியால் பூச்சைத் தட்டிக் காது கொடுப்பது. இறுகிய ஓசை வந்தால் பூச்சுச் சுவரைப் பிடித்திருக்கிறது; பொள்ளல் ஓசை வந்தால் விட்டுவிட்டது. நல்ல சோதனைதான். விட்ட இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, நனைத்துப் பூசி, ஒரு கிழமை விடாமல் தண்ணீர் காட்டினால் போதும். எங்கு தட்டினாலும் பொள்ளல் என்று கேட்கும் காது கொந்தராத்துக்காரருக்கு மட்டுமே வாய்த்தது.

வெடிப்பு வினா. மயிர் அளவில் வலைபோல் ஓடினால் பூச்சு வெயிலில் அவசரமாகக் காய்ந்தது என்று பொருள். அதற்காக அத்திவாரத்தைத் தோண்ட வேண்டாம். கல் இணைப்பு வழியே படிப்படியாக ஏறினால் அத்திவாரம் இறங்குகிறது. அதற்கு மேல் பெயின்ற் அடிக்க வேண்டாம். எது என்று தெரியாதபோது வெடிப்பின் நுனியில் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி, ஒரு மாரி கழியவிட்டுப் பார்க்க வேண்டும். நுனி கோட்டைத் தாண்டியிருந்தால் இன்னொரு திகதி. மூன்று திகதி சேர்ந்த சுவரைப் படியெடுத்து ஆய்வரங்குக்கும் அனுப்பலாம்.

உப்பு வினா. நிலத்தின் ஈரம் கல்லுக்குள் மேலேறுகிறது. ஏறும்போது உப்பையும் ஏற்றிக்கொண்டு போகிறது. நீர் காற்றில் போய்விட, உப்பு பூச்சுக்குள் பளிங்காகி அதை வெளியே தள்ளுகிறது. மகாவலியின் ஒரு கிளை கடலில் விழும் தாழ்நிலத்தில், 2011 ஜனவரி வெள்ளம் போன்றவை வந்து நின்று போகும் ஊரில், இதற்கு மேசன் சொல்லும் காரணம் ஒன்றே: ‘கட்டினவன் கடல் மண் போட்டிருக்கான்.’ சில வேளை உண்மையாகவும் இருக்கும். போத்தலில் பாதி மணலும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தால் மேலே எவ்வளவு சேறு படிகிறது என்று பார்த்துவிடலாம். உப்பை அப்படிப் பார்க்க முடியாது, கழுவிய ஆற்று மணலே வேண்டும். ஆற்று மணலுக்கோ அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒரு கியூப் என்பது 100 கன அடியாக இருக்கவும் வேண்டும். ஈரத்தை அடியில் தடுக்காமல் மேலே பெயின்ற் பூசுவது மாரிதோறும் நடக்கும் திருவிழா.

அடுக்குகளைச் சொல்லாமல் போனால் இத்துறை அறிஞர்கள் மன்னிக்க மாட்டார்கள். 2004-இல் கடல் வந்தது. 2006-இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. 2012-இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாயைக் கட்டம் கட்டமாகக் கொடுத்தது. 2021-இல் ஆயிரத்துச் சொச்சம் விற்ற சீமெந்து 2022-இல் மூவாயிரத்தைத் தாண்டியபோது பலருடைய விறாந்தை இடுப்பளவில் நின்றது. இந்தப் பக்கத்தில் ஒரே வீட்டின் அத்திவாரம் ஒரு காலம், சுவர் ஒரு காலம், கூரை ஒரு காலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசன். ஒவ்வொருவரும் முந்தியவரை ஏசியவர்.

இப்போது மையப் பொருளுக்கு வருவோம். ஏசப்படும் சுவரை ஏசுகிறவரே கட்டியிருந்தால்? இதனைத் தற்கண்டனம் என்க. வழக்கு வருமாறு. மேசன் வினவினார். வீட்டுக்கார அக்கா விடை பகர்ந்தார்: ‘தம்பி, நீங்கதானே கட்டின.’ மேசன் சுவரை இன்னொரு முறை பார்த்து, குரலைத் தாழ்த்தி, ‘அப்ப நீங்க இறக்கித் தந்த மண் அப்பிடி அக்கா’ என்றார்.

இவ்விடத்தில் பாடபேதம் மிகுதி. தேத்தண்ணிக் கடை மரபு (வலப்பக்க வாங்கு, காலை அமர்வு) மேற்கண்டவாறே ஓதும். அதே கடை இடப்பக்க வாங்கு, ‘நான் கல்லுத்தான் வெச்ச, பூசின வேற ஆள்’ என்று ஓதும். கிணற்றடிச் சுருக்கம் இரண்டையும் தள்ளி, மேசன் ஒன்றும் பேசாமல் வெற்றிலை போட்டார் என்கிறது. அச்சுருக்கத்துக்குப் படலையடியில் நின்றபடி உரைத்த பேருரை அது வெற்றிலை அன்று, பீடி என்று நிறுவ முழுப் பின்னேரத்தையும் செலவிட்டது. இவை யாவற்றுக்கும் மூத்தது சீமெந்துப் பை ஏடு. வேலைக் கணக்கைப் பையின் மீது பென்சிலால் எழுதிய அவ்வேடு, பையில் மீந்திருந்த சீமெந்தோடு மாரியில் நனைந்து இறுகிவிட்டது. இறுகியதைக் கல்வெட்டு எனலாமா என்று தயங்குவோர், கோணேசர் கல்வெட்டு ஓலையில் இருந்துகொண்டே அப்பெயரைப் பெற்றதை நினைவிற்கொள்க. நம்முடையதில் கல்லாவது உண்டு. அதன் மறுபக்கத்தில், வேறொரு கையெழுத்தில், ‘முற்பணம் தந்தாச்சு’ என்றொரு வரி. அது இடைச்செருகல் என்பது மேசன் கட்சி. மூலபாடமே என்பது வீட்டுக்காரர் கட்சி. எழுத்தமைதியை ஒப்பிட்ட கையாள், எழுதப்பட்ட காலத்தைச் சம்பள நாளுக்கு முன்னதாக வைக்கிறார். அவருக்கும் அதில் பங்கு நிலுவை இருப்பதால் இக்கருத்தை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். (காசைக் கட்டம் கட்டமாகக் கொடுத்து, கடைசிப் பங்கை முதல் பெருமழைக்குப் பிறகு கொடுப்பவர்களிடம் இத்தகைய பாடச்சிக்கல் தோன்றுவதில்லை.)

இங்கே ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. முந்திய பதிப்பாசிரியரை முன்னுரையில் ஏசுவது நம் கல்வி மரபு. ஏசியபின் அவர் பாடத்தையே அச்சுக்குக் கொடுப்பதும் அதில் அடங்கும். தம் பழைய கட்டுரை எதிர்ப்பட்டால் அடிக்குறிப்பில், ‘விரிவுக்குக் காண்க’ என்று வணங்குவோரும் உளர். மேசன் தம் பழைய சுவரைக் கண்டு முகம் சுளித்தார். யாருடையது என்று தெரிந்தபின்னும் பூச்சை முழங்கால் உயரம் வரை கொத்தி இறக்கினார். இந்த ஒழுக்கத்தைப் பல்கலைக்கழகங்கள் எந்த ஆண்டில் பாடமாக்கலாம் என்பது என் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

கள ஆய்வு தற்போது நின்றிருக்கிறது. கொத்தி இறக்கிய மறுநாள் மேசனுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொரு வேலை அகப்பட்டது. மட்டப்பலகையையும் ஒரு வாளியையும் விட்டுப் போனார். அவை திரும்பி வருவதற்கு வைத்த பிணையா, கைவிடப்பட்ட தொல்பொருளா என்று அந்த வீட்டில் இரு கட்சி உண்டு. 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தைப் புரட்டினேன். 1815 மார்ச் 2-க்கு முந்தியவற்றையே அது தொல்பொருளாகக் கணக்கில் எடுக்கிறது. வாளி பிளாஸ்டிக். ஆகவே பிணை என்றே இப்போதைக்குக் கொண்டு, அக்கா அதில் கோழிக்குத் தண்ணீர் வைக்கிறார்.