பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றுலா

மலை, ஏரி, பழைய ஊர் மூன்றும் ஒரே பயணத்தில் வேண்டுமென்றால் நம்மவர் மனசு உடனே சுவிட்சர்லாந்துக்குப் பறந்துவிடுகிறது. சினிமா டூயட்டுகள் செய்து வைத்த வேலை. இரண்டு ஏரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதுதான் அங்கே இன்டர்லாக்கன் என்ற ஊரின் பெருமை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சுமார் 12 கிலோமீட்டர் சாலை அதற்கு இளைத்ததல்ல என்பது என் கட்சி. மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வருகிறது, வழியில் கண்மாய்கள், போய்ச் சேருமிடத்தில் 11 நிலை, 192 அடி ராஜகோபுரம். அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்பார்கள் ஊர்க்காரர்கள். (மதுரைக்காரர் பக்கத்தில் இருந்தால் பேச்சை மாற்றிவிடுவது உத்தமம்.) பன்னிரு ஆழ்வார்களில் இரண்டு பேரை, அதுவும் அப்பாவும் மகளுமாகத் தந்த ஊர் இது. ஆனால் குற்றாலத்துக்குப் பறக்கும் கார்கள் பால்கோவாவுக்கு மட்டும்தான் நிற்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டமாயிற்றே! கோபுரத்துக்கு வண்டிக்குள்ளிருந்தே ஒரு கும்பிடு.

"பன்னிரண்டு கிலோமீட்டரெல்லாம் ஒரு பயணமா? டவுன் பஸ்ஸில் போய்விடலாமே" என்பார்கள். போகலாம், பார்க்க முடியாது. நாம் கிலோமீட்டரை எண்ணித் திட்டம் போடுகிறோம். இந்த ஊர்களோ கதவு திறக்கும் நேரப்படி நடக்கின்றன. மதியம் கோவில் நடை சாத்தினால் மறுபடி மாலையில்தான். அந்த இடைவேளையில் செண்பகத்தோப்புக்குப் போகலாமென்றால் அது வனத்துறையின் ராஜ்யம். 1988இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் ஆன காடு, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. அணிலைப் பார்க்கக் கிளம்பியவர் புலியின் சௌகரியத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ராஜபாளையம் பக்கத்து அய்யனார் அருவி மலையில் மழை பெய்தால்தான் அருவி. மற்ற நாளில் நல்ல பாறை. ஆக, இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு நாள் ஒதுக்கினாலும் இழுபறிதான்.

கண்மாயில் தண்ணீரே இல்லையே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். சித்திரையில் போனால் அங்கே கிரிக்கெட் நடக்கும், மறுக்கவில்லை. கண்மாயை வெட்டியவர்கள் வயலை நினைத்து வெட்டினார்கள், செல்ஃபியை நினைத்து அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் அதை நிரப்ப வேண்டும். அதனால் மார்கழியில் போகச் சொல்கிறேன். கண்மாயில் தண்ணீர், மலையில் பச்சை, கோவிலில் திருப்பாவை. கூட்டமும் உண்டு, கூட்டமில்லாத மார்கழியை ஸ்ரீவில்லிபுத்தூரில் எதிர்பார்ப்பது பேராசை.

பள்ளிக்கூட விடுமுறை மே மாதத்தில்தானே வருகிறது என்று கேட்டால் என்னிடம் நேரான பதில் கிடையாது. ஏரியை மறந்துவிட்டு ராஜபாளையத்தில் மாம்பழம் சாப்பிடலாம். ஊர்ப் பெயரைத் தாங்கிய வெள்ளை நாயைத் தள்ளி நின்று பார்க்கலாம். அந்த நாய்க்கு 2005இல் தபால்தலையே வெளியிட்டார்கள். தபால்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுச் செய்தார்களோ என்னவோ.