மாமல்லபுரக் கருப்பு வெள்ளைப் படங்களில் கிரெய்ன்ஸ்: பழி யார்மேல்?

கடற்கரைக் கோயில் முன் குடும்பத்தை நிறுத்திக் கருப்பு வெள்ளைப் படம் எடுத்தவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் வாக்குமூலம் ஒன்றே: "ஃபோகஸ் கரெக்டாத்தான் வெச்சேன், கிரெய்ன்ஸ் அடிச்சிடுச்சு." இதன் பிற்பாதியை ஆராய்ந்தோர் பலர். முற்பாதியை ஐயுற்றார் எவருமிலர். அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

ஃபிலிமில் பூசிய வெள்ளி உப்பு, கழுவும்போது வெள்ளித் துகளாகித் திரண்டு தெரிவதே கிரெய்ன். வேகமான ஃபிலிமில் இது பருத்திருக்கும். 1967இல் உற்பத்தி தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' சுருளுக்கும் கோடாக்கின் டிரை-எக்ஸுக்கும் விதி ஒன்றே.

பாறைக் கட்சியார் இதை ஏற்பதில்லை. படத்தில் தெரிவது பல்லவர் கருங்கல்லின் மணியே என்பர். கணக்கு அவர்கள் பக்கம் சாய்வது உண்மை. கல்லில் 5 மி.மீ. மணி ஒன்றை 5 மீட்டர் தள்ளி நின்று 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால், நெகட்டிவில் 0.05 மி.மீ. விழும், ஃபிலிமின் கிரெய்ன் அதைவிடச் சிறியது. ஆயினும் அதே மணி வானத்திலும் தெரிகிறதே! வானத்தில் பல்லவர் உளி வைத்ததாகக் கல்வெட்டு இல்லை.

வெந்நீர்க் கட்சியார் வலுவானவர்கள். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். செங்கல்பட்டில் சித்திரை மாதத்து மாடித் தொட்டி நீரோ கை வைக்க விடாது. அந்தச் சூட்டில் ஃபிலிம் அளவுக்கு மீறி வெந்து கிரெய்ன் பருக்கும். பயந்துபோய் உடனே ஐஸ் தண்ணீரில் போட்டால் ஜெலட்டின் சுருங்கி, படம் முழுக்க வலை வலையாகச் சுருக்கம் விழும். உப்புக்காற்றுக் கட்சியை விட்டுவிடலாம்: லென்ஸில் படியும் உப்பு படத்தை மங்கவைக்குமே தவிர, கிரெய்ன் தராது.

இனி, முதன்மைச் சான்று. எங்கள் வீட்டு ஆல்பத்தில், 3 மீட்டரில் மாமா, பின்னால் கோயில் விமானம். மாமாவின் முகம் மாவு மாதிரி. விமானத்தின் அடுக்குகளோ எண்ணலாம். கிரெய்ன் இரண்டிலும் ஒரே அளவு, ஒரே கூர்மை. பிரிண்ட் போட்டவர் என்லார்ஜரில் ஃபோகஸ் தவறியிருந்தால் கிரெய்னே கலங்கியிருக்கும். கை ஆடியிருந்தால் விமானமும் இழுபட்டிருக்கும். ஆக, குற்றம் கேமராவின் ஃபோகஸ் வளையத்தில். காரணமும் தெளிவு: வியூஃபைண்டரின் நடுவட்டத்தில் பிளந்து தெரியும் பிம்பத்தை ஒட்டவைக்க நேர்கோடு வேண்டும். அது விமானத்தில் ஏராளம், மாமாவிடம் இல்லை. பொழுது சாய்ந்த நேரம், எஃப் 2. மதியமே வந்து, எஃப் 16 வைத்து, 5 மீட்டரில் வளையத்தை நிறுத்தியிருந்தால் மாமாவும் பிழைத்திருப்பார், பல்லவரும் பிழைத்திருப்பார்.

படத்தின் பின்புறம் 'செங்கல்பட்டு மாவட்டம்' என்று மையில் எழுதியிருக்கிறது. 1997இல் மாவட்டம் பிரிந்து காஞ்சிபுரம் ஆனபோது அது பிழையாயிற்று. 2019இல் செங்கல்பட்டு மீண்டும் மாவட்டமானபோது, யாரும் திருத்தாமலே சரியாயிற்று. இதைக் காட்டி, தம் முகமும் ஒருநாள் தானே தெளியும் என்று மாமா வாதிடுகிறார். அரசாணை வெளிவரும்வரை ஆய்வாளர் இதை ஏற்பதற்கில்லை.