பிளாஸ்க்கோட போ, பேராண்டி

ஏங்கண்ணு, பத்தாவது முடிஞ்சதும் புஸ்தகத்தைப் பரண்ல போட்டுட்டு வேலை கத்துக்கப் போறியாமே? இனி மார்க்கோட மல்லுக்கட்ட வேண்டாம்னு உங்காத்தாகிட்ட வேற சொன்னியாம். மைசூர் அசோகபுரத்துல ரயில் பட்டறை இருக்குதே, அங்க அப்ரெண்டிஸ் எடுக்கறப்போ பரீட்சை வெக்கறதில்ல. பத்தாவது மார்க்கையும் ஐடிஐ மார்க்கையும் சேர்த்து வரிசை கட்டிடறாங்க. ஓடி ஒளியப் போன வீட்டுல மார்க்கு முன்னாடியே பாய் விரிச்சுப் படுத்திருக்குது சாமி.

உள்ளூர்லயே கத்துக்கறியா? அதுக்கு 1961லயே சட்டம் போட்டாச்சு. 14 வயசானா சேரலாம், அபாயமான தொழிலுன்னா 18. நீ மைனர், அதனால ஒப்பந்தத்துல உங்கப்பன் கையெழுத்துப் போடணும். பத்தாவது பாஸானவனுக்கு மாசம் குறைஞ்சது 6,000 ரூபாய்னு 2019ல விதி வெச்சாங்க. ஒப்பந்தத்துல எழுதாத வரைக்கும், கத்து முடிச்சதும் வேலை குடுத்தே தீரணும்னு மட்டும் கட்டாயமில்ல. அந்த இடத்துல சட்டம் நல்லாத் தூங்கிருச்சு. 30 பேர் இருக்கற கம்பெனின்னா கட்டாயம் ஆள் எடுக்கணும். 4ல இருந்து 29 வரைக்கும் அவங்க இஷ்டம். நீ போறேங்கற டிராக்டர் பட்டறையில ஓனரு, ஓனர் மச்சான், ஒரு நாய். எப்படி எண்ணினாலும் கணக்குல வராது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக 10 நாள் பையில்லாம தச்சர்கிட்டயும் குயவர்கிட்டயும் போய்ப் பழகணும்னு 2020 கல்விக் கொள்கையில எழுதியிருக்காங்க. நான் படிச்ச காலம் பூராப் பையில்லாமத்தான் போனேன். அதைக் கொள்கைன்னு ஒருத்தனும் சொல்லல, பிரம்பெடுத்தாங்க.

நம்ம ராமாபுரத்துக்கு இதெல்லாம் புதுசா என்ன? 1956 வரைக்கும் நம்ம ஊரு இருந்த கொள்ளேகால் தாலூகாவே கோயமுத்தூர் ஜில்லாதான். அப்புறம் மைசூர், 1997ல சாமராஜநகர். ஊரு இருந்த இடத்துலயே இருக்குது, ஜில்லாதான் கால் நிக்காமத் திரியுது. மெட்ராஸ் ராஜ்யத்துல இருந்தப்போ, 1953ல, ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தாரு. கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூணு மணி நேரம் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் அப்பன் தொழில். குலக்கல்வின்னு நாடே கொந்தளிச்சுப் போச்சு. 1954ல காமராஜர் வந்து எடுத்துப் போட்டாரு. கைத்தொழில் கேவலம்னா சண்டை போட்டாங்க? செருப்புத் தைக்கறவர் பையன் செருப்பே தைக்கணும்னு பொறந்த வீடு தீர்ப்புச் சொல்லுதேன்னுதான்.

சுவிட்சர்லாந்துல மூணுல ரெண்டு பங்குப் பிள்ளைக வேலை செஞ்சுக்கிட்டே தொழில் கத்துக்கறாங்களாம், பேங்க் வேலை உள்பட. வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் பள்ளிக்கூடமும் உண்டு. இங்க தொழில்கல்விதான் நாட்டைக் காப்பாத்தும்னு மைக்கைப் பிடிச்சுப் பேசற பெரிய மனுசனைப் பார்த்தா, "உங்க பையன் எந்தப் பட்டறையிலங்க?"ன்னு மரியாதையாக் கேளு. பியூசி சயின்ஸ்ல சேர்த்து மைசூர் ஹாஸ்டல்ல விட்டிருப்பாரு.

அதுக்காக உன்னைப் போவேண்டாங்கல. போ. மொத மாசம் ஸ்பானர் எடுத்துக் குடுப்பே. பத்து-பதினொண்ணு கேட்டா பன்னெண்டு-பதிமூணை நீட்டி மண்டையில குட்டு வாங்குவே. அதெல்லாம் பாடந்தான். சூட்சுமம் வேற எடத்துல இருக்குது. டாப்பெட் அட்ஜஸ்ட் பண்ண ஓனரு பீலர் கேஜைக் கையில எடுப்பான் பாரு, கரெக்டா அந்த நேரத்துல, "டேய், ரெண்டு டீ சொல்லிட்டு வா"ம்பான். நீ வர்றதுக்குள்ள மூடியை மாட்டி நட்டை முடுக்கியிருப்பான். இப்படியே மூணு வருசம் டீக்கடைக்கு வழி கத்துக்கிட்டவனுகளை நான் பார்த்திருக்கேன்.

அதனால காலையில போறப்பவே பிளாஸ்க்குல டீ வாங்கிட்டுப் போயிரு. அவன் கேஜை எடுத்ததும் ஊத்திக் குடுத்துட்டுப் பக்கத்துலயே குந்திக்கோ. எந்தத் தகடு நுழையுது, எவ்வளவு இறுக்கமா நுழையுதுன்னு பாரு. மொறைச்சான்னா, "சூடா இருக்குதுங்ண்ணா, ஊதிக் குடிங்க"ன்னு சொல்லு.