வட்டத்துக்குள்ள ஏ

"கண்ணு, எழுதிக்க. அம்மன் பேரு. மொத எழுத்து பெருசு. அப்பறம் அந்த வட்டத்துக்குள்ள ஏ. ஒண்ணு ரெண்டு மூணு. போட்டுட்டியா?"

எங்கள் முதலாளி கேபின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்கவுண்ட்ஸ் பெண்ணுக்குக் கம்பெனி மெயிலின் பாஸ்வேர்டைச் சொல்கிறார். நடுவில் ஓவர்லாக் மிஷின்கள் ஓடுகின்றன. அந்தப் பெண்ணுக்குக் கேட்காது. ஆகவே இரண்டாம் தடவை இன்னும் உரக்கச் சொல்வார். அது ஜெனரேட்டர் ரூம் வரைக்கும் போகும்.

மெயிலுக்கு மட்டும் இல்லை. டாலிக்கும் அம்மன், ஜிஎஸ்டிக்கும் அம்மன், கேமராவுக்கும் அம்மன், வைஃபைக்கும் அம்மன். கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிற ஆள் நான். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வையுங்கள் என்று கும்பிடாத குறையாகக் கேட்டுப் பார்த்தேன். "ஏந்தம்பி, குலதெய்வம் ஒண்ணுதானே? அத்தன சாமிக்கு நான் எங்க போறது?" என்றார்.

இப்படியாக அம்மன் அருள் கட்டிங் மாஸ்டர், செக்கிங் பெண்கள், பட்டன் கொண்டுவருகிறவர், பனியன் வேஸ்ட் எடுக்க வருகிறவர், ஆடிட்டர் ஆபீஸ் பையன் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. ஒரு நாள் துணிந்து வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றினேன். பதினோரு மணிக்கு டீ கொண்டுவந்த அண்ணன் தூக்கை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, மாத்திட்டீங்களாட்ட இருக்குது. ஒரு வார்த்த சொல்லலீங்ளே?"

அந்தக் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. விஷயம் முதலாளி காதுக்குப் போய், மதியத்துக்குள் அம்மன் பழைய இடத்திலேயே எழுந்தருளினாள்.

இதே மனிதர்தான் சாயந்திரம் கேட்டில் நின்று, வாட்ச்மேன் டிபன் பாக்ஸ்களைத் திறந்து பார்க்கிறாரா என்று பார்ப்பார். ஒரு ஜட்டி வெளியே போய்விடக் கூடாது. கோடவுன் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் வண்டி ஏறமாட்டார்.

2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை வைரஸ் கிளம்பி, சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. பேப்பரைக் கொண்டுபோய் அவர்முன் விரித்தேன். "300 டாலர் குடுத்துட்டா வருசம் பூரா வரமாட்டானா? ரசீது குடுப்பானா?" என்றார். அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே விட்டிருந்தது. அப்டேட் போட்டால் டாலி நின்றுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எங்கள் கம்ப்யூட்டர்களில் அதை நிறுத்தச் சொன்னவரும் அவர்தான். அந்தத் தடவை எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மன் காப்பாற்றினாள் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அவரை முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். லோடு லோடாக நூல் ஒரு போன் பேச்சில் வந்து இறங்குகிற ஊர் இது. நிட்டிங்காரர், சாயப்பட்டறைக்காரர், பிரிண்டிங்காரர் எல்லோருமே வாய் வார்த்தையை நம்பித் துணியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வளர்ந்த மனிதருக்கு, கூட வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தையை ஒளிப்பது அவமரியாதை. "மறைச்சா, இவன் நம்மள நம்பலேன்னு நெனச்சுக்குவாங்க தம்பி."

அவர் நம்பியதும் பொய்யில்லை. அம்மனைத் தெரிந்த அத்தனை பேரில் ஒருவரும் கை வைக்கவில்லை.

கை வைத்தவன் எந்த நாட்டில் இருந்தானோ. பையர் அனுப்பிய டிசைன் என்று ஒரு மெயில் வந்தது. திறந்தால் பாஸ்வேர்டு கேட்டது. முதலாளி கேட்டவருக்கெல்லாம் கொடுக்கிறவராயிற்றே, அதிலும் அம்மனை எழுதினார், வட்டத்துக்குள்ள ஏ உட்பட. அன்றிலிருந்து எங்களுக்கு வரும் ஒவ்வொரு மெயிலும் அவனுக்கும் ஒரு காப்பி போனது. அவன் அவசரப்படவில்லை. சாம்பிள் அப்ரூவல் முதல் பேக்கிங் லிஸ்ட் வரை எல்லாவற்றையும் படித்தான். சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறி, பேலன்ஸ் பேமெண்ட் வரவேண்டிய வாரத்தில் பையருக்கு எழுதினான்: எங்கள் பேங்க் அக்கவுண்ட் ஆடிட்டில் இருக்கிறது, இந்தப் புது அக்கவுண்டுக்குப் போடுங்கள். எழுதிய முகவரி எங்கள் முகவரிதான், எம் இருக்கவேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டிருந்தான். பனியனில் ஒரு தையல் விட்டுப்போனாலும் செக்கிங் பெண்கள் பிடித்துவிடுவார்கள். மெயில் முகவரிக்கு யார் செக்கிங் டேபிள் போட்டார்கள்?

பையர் பணத்தைப் போட்டுவிட்டார், நாங்கள் சரக்கை அனுப்பிவிட்டோம். தப்பு உங்களுடையது என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டோம். இப்படி நடந்தது தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டிருக்கிறது. எங்களுக்குத் தெரியவே பதினோரு நாள் ஆனது. தெரிந்த முதல் 6 மணி நேரமும் வாட்ச்மேனை விசாரிப்பதில் போனது. அப்புறம்தான் சைபர் கிரைம் புகார் நம்பர் 1930-க்குக் கூப்பிட்டோம். வெளிநாட்டு அக்கவுண்டில் அதற்குள் மிச்சம் எதுவும் இல்லை.

நான் சொன்னதைக் கேட்டிருந்தால் என்று இப்போதும் ஆத்திரம் வருகிறது. மெயிலுக்கு இரட்டைப் பூட்டு போடச் சொல்லி மூன்று வருஷம் கத்தினேன். செலவு ஒரு பைசா கிடையாது. ஆனால் அந்த வாரச் சனிக்கிழமை சம்பளத்தில் ஒருவருக்கும் பாக்கி வைக்கவில்லை அவர். அவர் வீட்டு நகை பேங்குக்குப் போனதை டீக்கார அண்ணன்தான் சொன்னார். அண்ணனுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

இப்போது, அக்கவுண்ட் நம்பர் மாறியதாக மெயில் வந்தால் பழைய போன் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் போடவேண்டாம் என்று எங்கள் இன்வாய்ஸிலேயே அச்சடித்திருக்கிறோம். இதை மட்டும் முதலாளி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். போனில் பேசிச் சரிபார்ப்பது அவருடைய சொந்தத் தொழில். மற்ற முதலாளிகளும் இந்த ஒரு வரியை இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

மெயிலுக்கு இரட்டைப் பூட்டும் போட்டாகிவிட்டது. ஓடிபி முதலாளி போனுக்கு வரும். ஆறு நம்பரும் ஜெனரேட்டர் ரூம் வரைக்கும் தெளிவாகக் கேட்கிறது.