பொருள்: ‘டிக்’ சத்தம் கேட்காதது தொடர்பாக

விடுநர்:
கேபினெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பொதுஜனம்,
சென்னை.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
பிசிஐ-எஸ்ஐஜி தலைமையகம்,
பீவர்ட்டன், ஓரிகன், அமெரிக்கா.

பார்வை: தங்கள் 12விஎச்பிடபிள்யூஆர் கனெக்டர், மற்றும் அதே கனெக்டர், 12வி-2×6 என்று தாங்கள் சூட்டிய புதுப் பெயரில்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

கம்ப்யூட்டருக்குள் எந்தக் கார்டு எந்த ஸ்லாட்டில் உட்கார வேண்டும், அதற்கு மின்சாரம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று 1992 முதல் உலகத்துக்கே விதி எழுதி வரும் சங்கம் தங்களுடையது. 900க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் உறுப்பினர்கள். நான் உறுப்பினர் இல்லை. உறுப்பினர் அல்லாதவர்கள் விதிப்புத்தகத்தைக் காசு கட்டித்தான் வாங்க வேண்டும் என்பதால், அதை வாங்காமலேயே இந்த மனுவை எழுதுகிறேன். எங்கள் ஊரில் மனு எழுதுகிறவர்கள் யாரும் சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு எழுதுவதில்லை, பொறுத்தருள வேண்டும்.

ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்ற எஸ்எம்பிஎஸ் ஒன்று தேடி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கடைத் தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “5090ஆ சார்? அப்ப ஆயிரத்து இருநூறு போட்டுருங்க. பட்ஜெட் இருந்தா ஆயிரத்து அறுநூறு. வாட்ஸ் ஜாஸ்தியா இருந்தா சேஃப்டி சார்.”

தம்பி சொன்னதை நம்பாமல் அங்கேயே பில் பேப்பரின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். கார்டு அதிகபட்சமாக 575 வாட். பிராசஸர் ரைசன் 7 9800எக்ஸ்3டி என்றால் தாராளமாக 150. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன்கள், அந்த ஃபேன்களில் கல்யாண மண்டபம் மாதிரி எரியும் கலர் லைட்டுகள் எல்லாம் சேர்த்து 75. ஆக மொத்தம் 800. கார்டைச் செய்த என்விடியாவே 1,000 வாட் போதும் என்கிறது. கார்டு ஒரு கணம் எகிறி இழுத்தால் என்ன ஆவது என்பதற்கும் இன்டெல் 2022இல் ஏடிஎக்ஸ் 3.0 விதியில் வழி சொல்லிவிட்டது. இந்த ரகத்து எஸ்எம்பிஎஸ், தன் சக்தியைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ நொடிக்கு இழுத்தாலும் படுத்துவிடக் கூடாது. அப்படியென்றால் 1,000 வாட் டப்பா கணக்குக்குச் சரி. 1,600 என்பது நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள.

(டப்பாவின் மேல் தங்கம், பிளாட்டினம், டைட்டானியம் என்று மின்சிக்கனத்துக்கான 80 பிளஸ் முத்திரைகள் இருந்தன. அந்தச் சோதனையை 23 டிகிரி அறையில் செய்கிறார்கள். மே மாதத்துச் சென்னையில் 23 டிகிரி என்பது ஃபிரிட்ஜைத் திறந்தால் கிடைக்கும். ஆனால் அது வேறு அலுவலகம். அவர்களுக்குத் தனி மனு.)

சுவர்ப் பக்கமும் பயமில்லை. 1,000 வாட் டப்பா முழு வேலை செய்தாலும் சுவரிலிருந்து இழுப்பது சுமார் 1,100 வாட்தான். 230 வோல்ட்டில் அது ஐந்து ஆம்பியருக்குள் அடங்கிவிடும். பழைய வீட்டின் ஐந்து ஆம்பியர் பாயிண்ட்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு தாங்கிவிடும். பிரச்சினை டப்பாவிலும் இல்லை, சுவரிலும் இல்லை. டப்பாவிலிருந்து கார்டுக்குப் போகும் ஒற்றைக் கேபிளின் நுனியில், தாங்கள் பெற்றெடுத்த கனெக்டரில் இருக்கிறது.

தங்கள் கனெக்டர் 600 வாட் வரை கொண்டுபோகலாம் என்பது விதி. 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். அது போவதற்கு ஆறு பின், திரும்பி வருவதற்கு ஆறு பின். ஒரு பின்னுக்கு 8.3 ஆம்பியர். பின்னின் தாங்கும் சக்தி ஏறக்குறைய 9.2. அதாவது நூற்றுக்குப் பத்துதான் மிச்சம். இதற்கு முன்பிருந்த எட்டுப் பின் கனெக்டரில் 150 வாட்டை மூன்று பின்கள் பகிர்ந்துகொண்டன. ஒவ்வொன்றுக்கும் நாலு ஆம்பியர் சொச்சம், தாங்கும் சக்தியோ ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் காலத்துக் கமிட்டியில் யாரோ ஒரு பயந்த சுபாவமுள்ள பெரியவர் இருந்திருக்க வேண்டும். அவர் ரிட்டயர் ஆனதும் கூட்டத்தை வைத்துவிட்டீர்கள் போல.

எங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டரின் 15 ஆம்பியர் பிளக்கைத் தாங்கள் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பித்தளைப் பின்னின் விட்டம் 7 மில்லிமீட்டர். அதைச் செருகுவதற்கு எங்கள் பாட்டிக்கு யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை. தாங்களோ 50 ஆம்பியரை, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கி உட்கார வைத்த ஆறு ஊசிகளிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். பின்னைச் சுட வைப்பது ஆம்பியர். வோல்ட் வெறும் 12தானே என்று அது சலுகை காட்டாது. ஆம்பியர் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு என்பது பிளஸ் டூ பாடம்.

பாதுகாப்புக்கென்று தாங்கள் சேர்த்த நான்கு குட்டிப் பின்களையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அவற்றில் இரண்டு, ‘இந்தக் கேபிளில் 600 வாட் வரும்’ என்று கார்டுக்குத் தெரிவிக்கும். தெரிவிப்பதோடு சரி, எந்த ஒயரில் எவ்வளவு போகிறது என்று எதையும் அளக்காது. கார்டும் சொன்னதை நம்பிக்கொள்ளும். எங்கள் தாலுகா ஆபீசில் சுயசான்று என்று ஒரு வழக்கம் உண்டு. அங்கேகூட அசலைக் கொண்டுவா என்று ஒருமுறையாவது கேட்பார்கள்.

இனி செருகும் படலம். சாக்கெட் கார்டின் மேல்விளிம்பில், நட்டநடுவில் இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் இரண்டு கிலோ கார்டு முனகுகிறது, அதைத் தாங்கும் மதர்போர்டு வளைகிறது. பயந்து கையை எடுத்தால் ஒரு மில்லிமீட்டர் பாக்கி. கன்னத்தைக் கேபினெட்டில் ஒட்டிவைத்து மொபைல் டார்ச்சை அடித்தால், பிளாஸ்டிக்குக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே கோடு போட்டது போல் ஒரு வெளிச்சம். மறுபடி அழுத்தினால் ‘டிக்’ என்று கேட்க வேண்டுமாம். தலைக்கு மேல் சீலிங் ஃபேன், தெருவில் தண்ணீர் லாரி. ஒன்றும் கேட்கவில்லை. கொக்கி மாட்டியிருக்கிறதா என்று நகத்தால் தடவி, கேபிளை லேசாக இழுத்தும் பார்த்தாயிற்று. வரவில்லை. சந்தோஷப்படுவதற்குள் அடுத்த நிபந்தனை: கனெக்டரிலிருந்து 35 மில்லிமீட்டர் நேராகப் போன பிறகே கேபிள் வளைய வேண்டும் என்கிறார்கள் கேபிள் விற்பவர்கள். கேபினெட்டின் கண்ணாடிக் கதவு அதற்கு முன்பே வந்து வழியை மறிக்கிறது. கதவைக் கழற்றி வைத்துவிடலாம். பல்லி போகாமல் பார்த்துக்கொள்வது யார்?

சரித்திரம் தங்களுக்குத் தெரியாததல்ல. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தது. மாதம் முடிவதற்குள் உருகிய கனெக்டர் படங்களும் வந்தன. நவம்பரில் என்விடியா, உலகம் முழுக்கச் சுமார் 50 புகார்களே தன் கவனத்துக்கு வந்ததாகவும், முழுசாகச் செருகாததே பொதுவான காரணமாகத் தெரிவதாகவும் சொன்னது. தனியாகச் சோதித்த கேமர்ஸ் நெக்ஸஸ் யூடியூப் சேனல்காரர்களும் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார்கள். கூடவே, கனெக்டருக்குள் சிக்கிய துகளையும் காட்டினார்கள். ஆக, முதல் குற்றவாளி கட்டைவிரல்.

விவகாரம் கோர்ட்டுக்குப் போனதும் தாங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டீர்களே, அதை நான் ரசித்துப் படித்தேன். தங்கள் விதிகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்குத் தேவையான விவரங்களை மட்டுமே தருகின்றனவாம். தயாரிப்பு முறை, பாதுகாப்புச் சோதனை, தாங்கும் எல்லை ஆகியவற்றை எல்லாம் அவை கையாள்வதில்லையாம். அது அவரவர் பொறுப்பாம். கனெக்டர் செய்பவர், விதிப்படி செய்தேன் என்கிறார். விதி எழுதியவர், பாதுகாப்பு என் இலாகா இல்லை என்கிறார். கார்டு செய்பவர், வாங்கியவன் சரியாகச் செருகவில்லை என்கிறார். வரிசையில் கடைசி ஆள் நான். எனக்குப் பின்னால் கைகாட்ட யாரும் இல்லை, பல்லியைத் தவிர.

2023இல் திருத்தம் வந்தது. குட்டிப் பின்களை 1.5 மில்லிமீட்டர் குட்டையாக்கினீர்கள். அரைகுறையாகச் செருகினால் அவை தொடாது; கார்டும் மின்சாரத்தை இழுக்காது. நல்ல திருத்தம், கிண்டல் இல்லாமலே சொல்கிறேன். ஆனால் கையோடு பெயரையும் மாற்றி, கனெக்டரில் எச்-பிளஸ் என்றிருந்த முத்திரையை எச்-பிளஸ்-பிளஸ் ஆக்கினீர்கள். பெயரை மாற்றிப் பழியைக் கழுவுவதில் எங்கள் அரசுகளுக்கும் நீண்ட அனுபவம் உண்டு என்பதால் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டேன்.

திருத்திய கனெக்டரோடு 2025 ஜனவரியில் 5090 வந்தது. அடுத்த மாதமே, டெர்பவர் என்று அறியப்படும் ஜெர்மானிய ஓவர்கிளாக்கர் ரோமன் ஹார்ட்டுங் அதன் ஒயர்களைத் தனித்தனியாக அளந்து காட்டினார். ஒழுங்காகச் செருகிய கேபிள்தான். ஆனால் ஒரு ஒயரில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. சில ஒயர்களில் பேருக்குத்தான் ஓடியது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துக் கனெக்டரின் சூடு 150 டிகிரியைத் தொட்டது. ஆறு பின்களும் ஒரே மாதிரி தொடாவிட்டால், எது நன்றாகத் தொடுகிறதோ அதன் தலையில் பாரம் ஏறும். கார்டோ உள்ளே ஆறையும் ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறது. யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்று அதற்குத் தெரிய வழியில்லை. கட்டைவிரலை விடுதலை செய்து யாராவது தீர்ப்பு எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எழுதவில்லை.

கடைத் தம்பியின் சேஃப்டி தத்துவம் படுத்துவிடுவதும் இங்கேதான். 1,000 வாட் டப்பா 12 வோல்ட்டில் 83 ஆம்பியர் வரை தரும். 1,600 வாட் டப்பா 133. ஒரே கொத்தாகத் தருகிற டப்பாவின் காவலாளி மொத்தத்தை மட்டும் பார்ப்பவன். ஒற்றை ஒயரில் 22 ஆம்பியர் ஓடுவது அவனுக்கு ஒரு சேதியே இல்லை. வாட் கூடக் கூட, அந்த ஒயர் கருகுவதை டப்பா இன்னும் நிதானமாக வேடிக்கை பார்க்கும்.

இதைத் தடுக்கத் தெரியாமல் இல்லை. 2022 மார்ச்சில் வந்த 3090 டிஐ கார்டு 450 வாட், அதற்கும் இதே பன்னிரண்டு பின்தான். அது ஆறு ஒயர்களை மூன்று ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியையும் தனியே கவனித்தது. ஏழே மாதத்தில் வந்த 4090இல் அந்த ஏற்பாடு காணாமல் போனது. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கும் அதிகாரம் தங்கள் விதிக்கு இல்லை, ஏனென்றால் வேண்டும் என்று அது சொல்லவே இல்லை. இப்போது ஏசுஸ் தன் விலை உயர்ந்த 5090 ஒன்றில் ஒவ்வொரு பின்னையும் அளந்து எச்சரிக்கிறது. எம்எஸ்ஐ தன் கேபிள் நுனிக்கு மஞ்சள் பூசியிருக்கிறது. மஞ்சள் வெளியே தெரிந்தால் இன்னும் அழுத்து என்று அர்த்தம். தங்கள் அலுவலகம் செய்திருக்க வேண்டியதில் பாதியை ஒரு டப்பி மஞ்சள் செய்துவிட்டது.

ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து, கார்டு ஒவ்வொரு ஒயரையும் அளந்து பாரம் பிரிக்க வேண்டும் என்பதை விதியாக எழுதவும், பின்னுக்குப் பத்து சதவீத மிச்சம் என்பதை மனிதர்கள் வாழும் அளவுக்கு உயர்த்தவும், அதுவரை 600 என்ற எண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கவும் வேண்டுகிறேன். இந்தக் கனெக்டரை 30 தடவைதான் கழற்றி மாட்டலாமாம். பழைய எட்டுப் பின்னுக்கும் இதே 30தான், மறுக்கவில்லை. ஆனால் தளர்ந்த பின்னை மன்னிக்க அங்கே இடம் இருந்தது. சென்னைத் தூசிக்கு வருஷத்தில் பல முறை கார்டைக் கழற்ற வேண்டும். பதிவேடு ஒன்று போட்டு வைக்கிறேன். கையெழுத்துப் போட ஆள் அனுப்பவும்.

நிற்க. நான் வாங்கியது 1,000 வாட், ஏடிஎக்ஸ் 3.1, டப்பாவோடு வந்த அதன் சொந்தக் கேபிள். அழகுக்காக வளைந்த அடாப்டர் எதையும் தொடவில்லை. கேபிள்மாட் நிறுவனத்தின் அப்படிப்பட்ட அடாப்டர்கள் 25,300ஐ 2024இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றதை மறக்கவில்லை. அதோடு கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதமாகக் குறைத்துவிட்டேன். இப்போது 460 வாட், பின்னுக்கு 6.4 ஆம்பியர். கேமில் குறைந்துபோன ஃபிரேம்களைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. 575 வாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு 460இல் ஓட்டுகிறேன். மீதி 115 வாட், தங்கள் கமிட்டி விட மறந்த இடைவெளிக்காக என் சொந்தச் செலவில் செலுத்தியது. அதற்கு முறையான ரசீது ஒன்று அனுப்பிவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
பொதுஜனம்.